எம்.எல்.ஏ.வுக்கு நாங்கள் போட்ட பாஸ் மார்க்

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு நான் போட்ட மார்க் முப்பத்தைந்து. போட்டதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. ஆனால் அந்த முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு என் வீட்டு ஆம்பளைகள் இரண்டு பேர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2006, தேர்தல் வருஷம். மழை நின்று, மரக்காணம் உப்பளத்தில் பாத்தியெல்லாம் சீர் செய்து, மாசி மாதம் உப்பு வார ஆரம்பித்திருந்தோம். ஆண்கள் பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்ப்பார்கள். பெண்கள் நாங்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, ரோட்டோரம் அம்பாரமாகக் கொட்டுவோம். விடிவதற்கு முன்னால் இறங்கினால் உச்சி வெயிலுக்குத்தான் கரையேறுவோம்.

அங்கே கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை. ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. சுற்றிலும் ஆண்கள், லோடு ஏற்ற வரும் டிராக்டர்கள். ஒரு பெண்ணுக்கு அவசரம் என்றால் ஒதுங்க இடமில்லை. அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். தண்ணீரே குடிக்க மாட்டோம். கொளுத்துகிற வெயிலில், உப்புக்கு நடுவில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் குடிக்க மாட்டோம்.

என்னோடு கூடை சுமந்தவள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. அவளுக்கு இரண்டு வருஷமாக நீர்க்கடுப்பு. புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "கிட்னி வரைக்கும் போயிடுச்சு. தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா உசுருக்கே ஆபத்து." வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நாத்தனார் சிரித்தாள். "குடிக்கிறதுக்கு இன்னா அண்ணி, குடம் குடமா குடிக்கலாம். எங்க போறது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒதுங்க ஒரு அறை வேண்டும், பக்கத்தில் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று வேண்டும். இது எங்கள் மகளிர் குழுப் பெண்களின் பழைய மனு. எம்.எல்.ஏ. கையில் நானே கொடுத்திருக்கிறேன். "செஞ்சிடலாம்மா" என்றார். நல்ல மனிதர்தான், முகம் சுளிக்க மாட்டார். சுளித்திருந்தாலாவது வேறு வழி பார்த்திருப்போம்.

அந்த மாசியில்தான் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி உப்பளத்துக்கு வந்தாள். ஏதோ பத்திரிகைக்கு சர்வே எடுக்கிறார்களாம். கழுத்தில் அட்டை, கையில் பேப்பர் கட்டு, வெயிலில் முகம் சிவந்து கிடந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளைச் சுற்றி நின்றோம்.

"உங்க எம்.எல்.ஏ.வுக்கு நூத்துக்கு எவ்ளோ மார்க் போடுவீங்கக்கா?"

எங்களை ஒருவரும் அதுவரைக்கும் மார்க் போடச் சொன்னதில்லை. திடீரென்று எல்லோருக்கும் டீச்சர் களை வந்துவிட்டது.

"எம் பையன் கணக்குல எடுத்ததே இருபத்தெட்டு. இவருக்கு எதுக்குடி அதுக்கு மேல?" என்றாள் ஒருத்தி.

"சும்மா இருடி. சுனாமி அப்ப வந்து நின்னாரு, நம்ம கூட சேந்து அழுதாரு. பெயிலாக்க மனசு வரல. பாஸ் மார்க் போட்டுக்கம்மா" என்றாள் மூத்தவள்.

எனக்கும் அதே கணக்குதான். முழுப் பரீட்சையில் தேறாத பிள்ளையைக் கூட, பாவம் வருஷம் வீணாகப் போகக் கூடாது என்று தூக்கிவிடுவார்களே, அந்த மார்க். முப்பத்தைந்து என்றேன். அதற்குமேல் ஒன்று கூட்டவும் மனசில்லை, ஒன்று குறைக்கவும் மனசில்லை.

நாத்தனாரிடம் கேட்டபோது அவள் தலையை ஆட்டிவிட்டாள். "நான் போட மாட்டேன். ரூமும் குழாயும் வரட்டும், அப்ப வந்து கேளு, சொல்றேன்." அந்தப் பெண் 'கருத்து இல்லை' என்று எழுதிக்கொண்டாள். கருத்து இல்லையாம்! அந்த உப்பளத்திலேயே கருத்து இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

போகும்போது அந்தப் பெண் என் காதருகே வந்து, "அக்கா, இங்க பாத்ரூம்..." என்று இழுத்தாள். நான் அந்த வெள்ளை வெளியைக் கையால் காட்டினேன். அவள் பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடந்தாள்.

பங்குனி பிறந்ததும் அந்த சர்வே போட்ட பத்திரிகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எம்.எல்.ஏ.வின் கட்சி. லோடு டிராக்டர் ஓட்டுவார், மீதி நேரமெல்லாம் கட்சிக் கொடிதான். என் அண்ணன் அடுத்த தெரு, எதிர்க்கட்சி. சாயந்திரமானால் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே இவரோடு சண்டை போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆரத்தித் தட்டு எத்தனை, மீட்டிங்குக்கு வேன் எத்தனை என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் எண்ணினது மற்றவர் எண்ணினதோடு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் வாசலிலிருந்தே கத்தினார். "பாஸு! தலைவரு பாஸு!" எம்.எல்.ஏ.வின் மார்க் முப்பத்தைந்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குத் தெருமுனையில் சரவெடி. பிள்ளை பத்தாவது பாஸானபோது அதே மனிதர் ஒரு ஊசிவெடி வாங்கவில்லை.

அண்ணன் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, இதுக்குப் போயி வெடி போட்டீங்களா? நூத்துக்கு முப்பத்தஞ்சுன்னா மீதி அறுபத்தஞ்சு எங்க? மூஞ்சில அடிச்சிருக்காங்க, உங்களுக்கு வலி தெரியல."

"பக்கத்தைத் திருப்பு மச்சான்" என்றார் இவர்.

திருப்பினால், எந்தக் கட்சிக்கு எவ்வளவு ஆதரவு என்று போட்டிருந்தது. அண்ணன் கட்சிக்கும் அதே முப்பதுகளில்தான் ஏதோ ஒரு நம்பர். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா! அலை மாப்ள, அலை! இது போதும், கோட்டை நம்மளுது!"

"இப்ப மட்டும் மீதி அறுபத்தஞ்சு எங்க போச்சு?" என்றார் இவர்.

அது எம்.எல்.ஏ. மார்க், இது கட்சி ஆதரவு, இரண்டும் வேறு என்று அண்ணன் விளக்கினார். அப்படியானால் எங்கள் பாஸும் வேறு என்று இவர் விளக்கினார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இங்கே இரண்டு மீசை. எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், நிறுத்துங்க ரெண்டு பேரும். அந்த முப்பத்தஞ்சு நான் போட்டது. பாவம் பாத்துப் போட்ட மார்க்கு அது."

என் வீட்டுக்காரர் துள்ளினார். "பாத்தியா மச்சான், எம் பொண்டாட்டியே பாஸ் போட்டிருக்கா!"

அண்ணனும் துள்ளினார். "பாத்தீங்களா மாப்ள, உங்க பொண்டாட்டியே அதுக்கு மேல போடல!"

போட்டவள் எதிரில் குத்துக்கல் மாதிரி நிற்கிறேன். ஏன் போட்டாய் என்று ஒரு வார்த்தை? இரண்டு பேரும் என்னைத் தாண்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். மறுவாரம் நாத்தனார் வரப்பிலேயே விழுந்தாள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது, ஆனால் அந்த வெயிலில் அவளுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. உப்பு மூட்டை ஏற்றுகிற டிராக்டரில், என் வீட்டுக்காரர் ஓட்ட, என் மடியில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். அதே டாக்டரம்மா. என்னைத்தான் திட்டினார். "கூட இருக்கீங்களே, குடிக்க வைக்கக் கூடாதா? இன்னொரு தடவை இப்படி வந்தா நான் பொறுப்பில்ல." வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்.

சரி, இப்போதாவது மனிதருக்கு உறைக்கும் என்று மனுவை மறுபடி எடுத்தேன். "எம்.எல்.ஏ. கிட்ட நீங்களே போயி சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "ஜனங்க திருப்தியா இருக்காங்கன்னு இப்பத்தான் மேலிடத்துக்குச் சொல்லியிருக்குது. இந்த நேரத்துல அது இல்ல இது இல்லன்னு நானே போயி நின்னா நல்லாவா இருக்கும்? எலக்‌ஷன் முடியட்டும்."

அண்ணனிடம் போனேன். உங்கள் ஆளாவது வந்து செய்வாரா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செய்வாரும்மா, ஜெயிச்சதும் மொத வேலை அதான். ஆனா இப்ப வேணாம். ஜனங்க கோவம் எலக்‌ஷன் வரைக்கும் சூடா இருக்கணும், புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. இவருக்கு நாங்கள் திருப்தியாக இருக்கிறோம், அதனால் அறை வேண்டாம். அவருக்கு நாங்கள் கொதித்துப்போய் இருக்கிறோம், அதனாலும் அறை வேண்டாம். நடுவில் ஒருத்தி உயிர் ஊசலாடுகிறது. அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். எவன் வந்து மறித்தாலும் சரி, கட்டியே தீருவது.

குழுப் பெண்களைக் கூட்டினேன். சுனாமி வீடு கட்டினதில் மிஞ்சின செங்கல் இரண்டு மூன்று வீட்டு வாசலில் பாசி பிடித்துக் கிடந்தது. ஒருத்தி புருஷன் கொத்தனார். கூரைக்குப் பழைய ஷீட் ஒருத்தி தந்தாள். தண்ணீருக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டிரம், அடியில் குழாய். ஊர் பம்ப்பிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்து ரொப்பிக்கொள்ளலாம். உப்பளத்து மேஸ்திரி முதலில் முறைத்தார். "உங்க வீட்டுப் பொம்பளைங்களை ஒரு நாள் இங்க அனுப்பிப் பாருங்க, அப்புறம் முறைங்க" என்றேன். ரோட்டோர மேட்டில் டிராக்டர் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

செங்கல் இறங்கின அன்றைக்கே சேதி பரவிவிட்டது. சாயந்திரம் வீட்டுக்காரரும் அண்ணனும் ஒன்றாக வந்து நின்றார்கள். அத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்களா கட்டினா எங்காளு ஒண்ணும் செய்யலன்னு ஆயிடும்" என்றார் இவர்.

"நீங்களா கட்டிட்டா ஜனங்க கோவம் அடங்கிடும். அப்புறம் நாங்க எதைச் சொல்லி ஓட்டு கேக்கிறது?" என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் எறிந்திருப்பேன். "ஏங்க, அவ ஒங்க கூடப் பொறந்தவ. அன்னிக்கு வண்டியில அழுதீங்களே, அது யாருக்கு அழுதீங்க, கட்சிக்கா? அண்ணா, நீ சொல்லு. கோவம் சூடா இருக்கணும்னியே, அவ உடம்பு சுட்டுச்சே, அந்தச் சூடு பத்தாதா உனக்கு? ரெண்டு பேரும் வழிய விடுங்க. சிமெண்டு காஞ்சிடும்."

அண்ணன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் போகவில்லை. சட்டையைக் கழற்றி டிராக்டர் மேல் போட்டுவிட்டு, செங்கல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டேன், எப்போதாவது உதவும்.

அறை எழுந்தது. பெரிய மாளிகையொன்றும் இல்லை. இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம், கதவு சாத்தினால் சாத்தும், உள்ளே தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்பதற்காகவே முதல் நாள் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

கட்சிக்காரர்கள் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை. ஒரு காலையில் போனால் ஒரு சுவரில், எம்.எல்.ஏ. ஆட்சியில் பெண்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்று போஸ்டர். அடுத்த சுவரில், கையாலாகாத எம்.எல்.ஏ.வால் பெண்களே கல் சுமக்கும் அவலம் என்று இன்னொன்று. ஒரே அறை, நான்கே சுவர்! பின்பக்கம் ஆள் போகாத இடம், இல்லாவிட்டால் அங்கேயும் ஒட்டியிருப்பார்கள். நான் இரண்டையும் தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்துவிட்டு, நான்கு சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தேன். ஒட்டினது யார் என்று வீட்டில் கேட்கவில்லை. வீட்டுக்காரர் விரலில் பசை காய்ந்திருந்தது.

சித்திரை வெயிலில், ஓட்டுப் போட இன்னும் கொஞ்ச நாளே இருக்கும்போது, அந்த சர்வேப் பெண் மறுபடி வந்தாள். தூரத்திலிருந்தே அறையைப் பார்த்துவிட்டாள். பேப்பர் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு நேரே அங்கேதான் போனாள். வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு வணக்கமே சொன்னாள்.

அம்பாரத்துக்குப் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வேலைக்கு இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, கழுத்தெலும்பு தெரிந்தது. ரோட்டில் டிராக்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உப்பு விலை கேட்க வந்தவர் மாதிரி அண்ணனும் அங்கே நின்றார்.

"அக்கா, போன தடவை நீங்க மட்டும் மார்க் சொல்லல" என்றாள் அந்தப் பெண், பேனாவைத் திறந்துகொண்டு. "ரூம் வந்தா சொல்றேன்னீங்க. இப்ப எம்.எல்.ஏ.வுக்கு எவ்ளோ போடுவீங்க?"

இரண்டு கட்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நாத்தனார் எழுந்து டிரம்மிடம் போனாள். குழாயைத் திறந்து பெரிய சொம்பு நிறையப் பிடித்தாள். நடு உப்பளத்தில், அத்தனை ஆண்களுக்கு எதிரில், சொம்பைத் தூக்கினாள்.

"இரும்மா," என்றாள். "தண்ணி குடிச்சிட்டு சொல்றேன்."