நெல் அறைக் கதவில் பூனைக்கு ஒரு வழி

அன்றைக்கு வீட்டில் இருந்தது மூன்று பேர்: நான், தச்சர் ராமையன், எங்கள் பூனை சிட்டு. என் வீட்டுக்காரர் குத்தகைத் தகராறில் ஜெயிலில் இருந்தார். எலி நெல்லைத் தின்றுவிடுமே என்ற கவலையில், நெல் அறைக் கதவின் அடியில் ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் ஆடுகிற மாதிரி சின்னப் பலகை ஒன்று மாட்டச் சொன்னேன்.

“பூனைக்குத் தனி வாசலா? தோரணமும் கட்டிடுவோமா அக்கா?” என்று சிரித்தார் ராமையன். போகும்போது, “வெளியே வரவும் பழக்கிவிடுங்க” என்றார்.

நான் கருவாட்டை உள்ளே வைத்துப் பலகையைத் தூக்கிக் காட்டினேன். மூன்றாம் நாள் சிட்டு தானே முட்டிக்கொண்டு உள்ளே போனது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நானே பூட்டைத் திறந்து அதை வெளியே தூக்கி வந்தேன். பேச ஆளில்லாத வீட்டில் அது எனக்கும் ஆறுதலாக இருந்தது.

ஒரு புதன்கிழமை வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். மனு போட்டுக் காத்திருந்து, வெள்ளிக்கிழமைதான் திரும்பினேன். சிட்டுவைக் காணோம். நெல் அறைக்குள் மெல்லப் பிறாண்டும் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை நாங்கள் நெல் அறையைத் திறக்க மாட்டோம், லட்சுமி போய்விடும் என்பார்கள். அவர் ஜெயிலில் இருக்கிற நேரத்தில் இது வேறு வினையா என்று பயந்தேன். ஆனாலும் திறந்துவிட்டேன். நான் வந்து தூக்குவேன் என்று, சிட்டு பலகைக்கு நேர் முன்னாலேயே ஒட்டிய வயிற்றோடு கிடந்தது.

இப்போது கருவாட்டை வெளியே வைத்துக் கூப்பிடுகிறேன். உள்ளேயிருந்து எவ்வளவு கத்தினாலும் கதவைத் திறப்பதில்லை. அதுவே பலகையைத் தள்ளிக்கொண்டு வருகிறது, தின்கிறது, என்னை ஏறிட்டும் பார்க்காமல் போய்விடுகிறது.