கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அணையும் ஃபயர்வால்

சனிக்கிழமை மாலை என் மனைவியின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் விவரங்களை ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்தே அவள் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறாள். வேலையில் சேர்ந்து முதல் மாதச் சம்பளம்கூட வாங்கவில்லை. வெளியாட்கள் நுழையாமல் காக்கும் ஃபயர்வால் அணைந்த கம்ப்யூட்டரை அவர்கள் உள்ளே விடமாட்டார்கள். எங்களுடையதில் அது தினமும் திறந்தவுடன் அணைந்துவிடும். அவள் கையால் ஆன் செய்வதற்குள் அலுவலகத்துக்கு எச்சரிக்கை போய்விடும்.

"திங்கட்கிழமையும் இப்படின்னா வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார்கள்.

ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் உட்கார்ந்தேன். கையால் ஆன் செய்தால் பச்சை. மூடித் திறந்தால் சிவப்பு. வைரஸ் எதுவும் இல்லை. காலாவதியான ஆன்டிவைரஸ் ஒன்று கிடந்தது. மாட்டிக்கொண்டாயா என்று அதை நீக்கினேன். மறுபடியும் சிவப்பு!

"இன்னாய்யா, இன்னும் செவப்பாவே கீது?" மீன் கழுவிய கையோடு மனைவி எட்டிப் பார்த்தாள். "நீ நோண்டிக்கினே இரு, என் வேலை பூடும்."

கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக ஓடும்படி யாராவது எதையாவது வைத்திருந்தால்? தேடினேன். ஒரு சின்ன ஃபைல் இருந்தது! உள்ளே ஒரே வரி: ஃபயர்வாலை அணை. அது உருவான தேதியைப் பார்த்தேன். எந்த மழையில் எந்தத் தெரு முழுகியது என்றுகூடக் குறித்து வைக்கிறவன் நான். அந்தத் தேதி மறக்குமா? காணும் பொங்கல்! அன்று வியாசர்பாடியிலிருந்து வந்த மச்சான், மொட்டைமாடி வழியே எதிர்வீட்டுக்கு ஒயர் இழுத்து, கம்ப்யூட்டரில் இரண்டு வீட்டுக்கும் கால்பந்து மேட்ச் நடத்தினான்.

"உன் தம்பிதான்!" என்று கத்தினேன். உடனே போன் போட்டாள்.

"ஆமாக்கா, எதிர்வூட்டு டீமை ஃபயர்வால் உள்ளயே விடல. ஒவ்வொரு வாட்டியும் அணைக்கறது பேஜாரா இருந்துச்சு. அதான் தானா அணையற மாதிரி வச்சேன்."

"டேய், என் பொழப்புல மண்ணைப் போட பாத்தியேடா!"

"கோச்சுக்காதக்கா. மேட்ச்சு நாமதான ஜெயிச்சோம்?"

அந்த வரியை அழித்துவிட்டு மூடித் திறந்தேன். பச்சை! நம்பாமல் மறுபடியும் திறந்தேன். பச்சையேதான். அடுப்படியில் குழம்பு கொதிக்க, இருவரும் கைதட்டிக் குதித்தோம். அந்த விளையாட்டை மட்டும் ஃபயர்வால் தடுக்காதபடி மாற்றி வைத்தேன். அடுத்த பொங்கலுக்கு மச்சான் சும்மா இருப்பானா?

திங்கட்கிழமை காலை அவள் பொத்தானை அழுத்தினாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அலுவலகத்தின் திரை திறந்தது. முதல் சரக்கு மணலிக்குப் போவது.

"தள்ளி நில்லுய்யா, வெளிச்சத்த மறைக்கற" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.