கதவில் தொங்கிய அட்டை

கல்முனையில் பிடவைக் கடை வைத்திருக்கும் என் கணவர், சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிய களைப்புத் தீர, பழைய பங்களாவைப் புதுக்கிய சொகுசு ஹோட்டலில் தங்கினோம்.

அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் குளித்தேன். வெளியே வரத் திருகினால், குளியலறைக் கதவின் குமிழ் கையோடு வந்துவிட்டது. ஜன்னலும் இல்லை. பணியாளரின் தள்ளுவண்டி அறைவாசலில் நிற்பது கேட்டது. கத்தினேன். சுவர் தடிப்பு, வண்டி போய்விட்டது. மூச்சு முட்டியது. துவாயைச் சுற்றிக்கொண்டு, கலிமா சொல்லியபடி நிலத்தில் இருந்தேன்.

கணவர் வந்துதான் திறந்தார். அறைக்கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை தொங்கியது.

"நான்தான் மாட்டின. நீ தனிய இருக்காய், ஒருத்தரும் கரைச்சல் படுத்தப்படாதெண்டு."

இப்போது எங்கே தங்கினாலும் குளியலறையைப் பூட்டுவதில்லை. அந்த அட்டையையும் அலமாரிக்குள் போட்டுவிடுவேன். யாராவது வந்து கரைச்சல் படுத்தட்டும்.

— ஒரு வாசகி, கல்முனைக்குடி