வீட்டுக்கு மட்டும் பச்சை

அவசரச் சிகிச்சைப் பிரிவில் மேல்படிப்புப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு, தம்பி வைத்த பெயர் பச்சை டாக்டர். உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு அட்டை, சீக்கிரம் பார்க்க வேண்டுமென்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை. நாள் முழுக்க இப்படிப் பிரித்துப் பிரித்தே பழகிப்போனவள், வீட்டில் யார் எதைச் சொன்னாலும் பச்சைதான் கொடுப்பாள். தம்பியின் கால் சுளுக்குக்குப் பச்சை, அம்மாவின் தலைவலிக்கும் பச்சை. பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவளுக்குச் செருப்பைக் கழற்றும்போதே கண் சொருகிவிடும்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டியவர் அவர்தான். பாடத்தோடு பாடமாக மகள் புராணமும் நடக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகள் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, தாடை வலிக்கிறது என்றார். பல்லாகத்தான் இருக்கும், சாயங்காலம் பல் டாக்டரிடம் போங்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டு ஓடினாள்.

பத்து மணிக்குத் தையல்கடை அம்மா ஒருத்தர் பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மோவாயிலிருந்து தொப்புள்வரை எங்கே வலித்தாலும் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும், பயிற்சி டாக்டர்களின் மண்டையில் தலைமை டாக்டர் ஏற்றி வைத்திருந்த விதி அது. கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. மூன்றாவது ஒயரை ஒட்டும்போதுதான் அப்பாவின் தாடை வலி அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை, வெறும் பல்தான். இவள் வெளியே ஓடி வந்து போன் போட்டாள். வண்டியில் இருக்கும்போது போன் எடுக்காதது அப்பாவின் கொள்கை. ஐந்தாவது தடவை எடுத்து, பாடம் நடக்கிறது என்று கடிந்துகொண்டார்.

"அப்பா, வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்க. இறங்கி நடக்காதீங்க. எந்த இடம்னு சொல்லுங்க, ஆம்புலன்ஸ் அனுப்புறேன்."

இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இ.சி.ஜி. தாளை அவள் கையில் கொடுக்காமல் மூத்த சிஸ்டர் தலைமை டாக்டரிடம் நீட்டினார். மாரடைப்பு. சொந்த அப்பாவுக்கு நீ வைத்தியம் பார்க்க வேண்டாம் என்று அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். இதயப் பிரிவில் அடைப்பை எடுத்து முடிக்கும்வரை, நோயாளிகளின் உறவினர் உட்காரும் பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் வரை விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் தலைமை டாக்டர். அவள் கட்டிலருகே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிப் பார்த்திருந்தா போதும்ப்பா. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும்."

"நீ திரும்பலையேன்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. நெஞ்சும்தான் இறுக்குச்சு. சொன்னா நீ லீவு போட்டுடுவே. இன்னும் ஒரு நாள் லீவு போட்டா பரீட்சை எழுத விட மாட்டாங்கன்னு நீதானே சொன்னே."

எத்தனையோ பேரை இங்கே அழக்கூடாது என்று அடக்கியவள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். சிஸ்டர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்.