ஒரு வசனம் சொல்லப் போன பயணம்

லெஸ்டரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் பெண் என்னைக் கண்டால் "சியர் அப், லவ்" என்பாள். நான் நல்ல குஷியில்தான் இருப்பேன். பிஞ்சு வெண்டிக்காய் கிடைத்த சந்தோஷம் உள்ளே நிறைந்திருக்கும். ஆனால் அது முகத்துக்கு வந்து சேராது. பாக்கின்சன் நோய் வந்தவனுக்கு விறைப்பு கை காலோடு நிற்பதில்லை. கன்னம், கண்ணிமை, தொண்டை என்று ஒவ்வொரு தசையாகப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் பொறுக்காமல் "ஐ ஆம் ஹப்பி" என்று சொல்லிப் பார்த்தேன். இந்த முகத்தோடு அதைச் சொன்னால் யார் நம்புவது? அவள் என் கையைத் தட்டி, "ஐ நோ, ஐ நோ" என்றாள். என் பெண்சாதி செத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. பெண்சாதியோ வீட்டில் நல்ல சுகமாக இருந்து, நான் வாங்கிப்போன வெண்டிக்காயை முற்றல் என்று ஏசினாள்.

இங்கே வைத்தியசாலையில் ஒரு தாதி இருக்கிறாள், நல்ல பிள்ளை. போகும்போதெல்லாம் என் முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பார்ப்பாள். அது வழுக்கிக்கொண்டு மடங்காது. துருப்பிடித்த சைக்கிள் செயின் மாதிரி டக் டக்கென்று நின்று நின்றுதான் மடங்கும். பிறகு 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' எப்படி என்று கேள்விகள் தொடங்கும். சட்டைப் பொத்தான் போடக் கஷ்டமா? கட்டிலில் திரும்பிப் படுக்கக் கஷ்டமா? நாலு பேர் நடுவில் இருக்க வெட்கமா? நிலத்தில் பாய் விரித்து, ஆறு பேராக ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட முடிகிறதா என்று மட்டும் அவள் கேட்டதில்லை. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? என் வாழ்க்கை போய் முட்டிக்கொண்டு நின்றது அந்தத் தட்டில்தான்.

நாங்கள் மன்னார் ஆட்கள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் விரட்டப்பட்டுப் புத்தளம் பக்கம் வந்து, ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில் தொடங்கிக் கல்வீடு வரை ஏறியவர்கள். நானா, அதாவது என் அண்ணன், பாலாவி உப்பளத்தில் லொறி ஓட்டினார். நான் இங்கிலாந்துக்கு வந்துவிட்டேன். சண்டை முடிந்து சில வருடங்களில் நானா நெஞ்சுவலியில் மௌத்தாகிப் போனார். அவருக்கு ஒரே பிள்ளை, பஸ்லினா. அவளுக்குப் பாலாவியில் கலியாணம் பேசி முடித்தார்கள். பெண்ணுக்கு வாப்பாவும் இல்லை, பாட்டனும் இல்லை, கூடப் பிறந்த ஆணும் இல்லையென்றால், வாப்பாவின் தம்பிதான் அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும். பள்ளிவாசலில், நிக்காஹ் மஜ்லிஸில், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இந்தப் பெண்ணை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். அவர் முடியாத ஆளென்றால் மௌலவிக்கு வக்காலத்துக் கொடுத்துவிடலாம். மார்க்கத்தில் தடையில்லை.

ஆனால் பஸ்லினா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "சாச்சா, வக்காலத்துக்கு விட்டுடாதீங்க. ஒங்கட கொரல் அப்படியே எங்கட வாப்பாட கொரல். நாங்க பொம்புளைகள் வீட்டுலதானே இருப்போம். பள்ளி ஸ்பீக்கர்ல அது எனக்குக் கேக்கணும். வேற ஒண்டும் எனக்கு வேணாம்." உடுப்பு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, ஒரு வசனம் கேட்டாள் பிள்ளை. நான் டிக்கெட் எடுத்தேன். பெண்சாதிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, தனியாகவே போனேன்.

ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரர்கள் வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்து நடப்பவர்கள். இவர்கள் வேறு ஜாதி மனிதர்களோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். போய்ச் சேர்ந்த மறுநாளே மாப்பிள்ளையின் வாப்பா பாலாவியிலிருந்து வாழைக்குலையும் கேக்குமாக வந்தார். நல்ல மனிதர், நானாவோடு லொறி ஓட்டியவராம். கதிரையில் அவருக்கு முன்னால் இருந்து நானாவின் பழைய கதைகளைக் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த நாள் நானாவின் பெண்சாதி, என் மதினி, தேத்தண்ணியோடு வந்து முன்னால் நின்றார்.

"தம்பி, அந்த ஊட்டுல கதைக்கிறாங்களாம். லண்டன் சாச்சாக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கல்லயாம். வந்த மனுசன் கதைக்கக் கதைக்க நீங்க மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு ஈந்தீங்களாம். ஒரு சிரிப்பாவது சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன் மதினி."

"எப்ப?"

முகத்துத் தசையும் விறைத்துப்போகும் வருத்தம் இது என்று விளக்கினேன். "கை நடுங்குற வருத்தம் என்டுதானே சொன்னாங்க" என்றார். நடுக்கம் எல்லோருக்கும் தெரியும், அது கண்ணுக்குத் தெரிகிறது. விறைப்பை யார் கண்டது? நீங்கள் பார்ப்பதெல்லாம் உம்மென்று இருக்கும் ஒரு மனிதனை. லெஸ்டரில் என்றால் பரிதாபப்படுகிறார்கள், ஊரில் என்றால் திமிர் என்கிறார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சல்தான்.

அடுத்தது குளிசைக் கதை. இந்த விறைப்பை இளக்கும் என் குளிசையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முந்திக் குடிக்க வேண்டும். இறைச்சியோ மீனோ கூட இருந்தால், குடலில் அது முந்திக்கொண்டு உள்ளே போக, குளிசை வாசலில் காத்து நிற்கும். தாதி எனக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். நம் ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள்! மருந்தென்றால் சாப்பிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தாய்ப்பாலோடு புகட்டிய பாடம். கலியாண நாள் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து வந்து, சட்டைப் பையிலிருந்து குளிசையை எடுத்தேன். எங்கிருந்து பார்த்தாரோ, மதினி பாய்ந்து வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

"யா அல்லாஹ், வெறும் வயித்துலயா? கொடல் புண்ணாப் போகும்! சஹன் வைக்கிறாங்க, தின்டுட்டு வாங்கோ. நானே கையில தாறேன்."

"மதினி, அப்படியில்ல, இது..."

"எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. ஒங்கட நானாக்கு எத்தின வருசம் குளிசை குடுத்த நான்."

அவர் உள்ளே பெண்கள் பக்கம் போய்விட்டார். பின்னாலேயே போவோமா என்று நான் திரும்புவதற்குள், மாப்பிள்ளையின் வாப்பா என் தோளில் கை போட்டு, "வாங்கோ, நம்ம ஒரு சஹன்ல இருப்போம்" என்றார். சஹன் என்பது அந்தப் பெரிய தட்டு. பிரியாணியும் மாட்டிறைச்சியும் கோழியும் நடுவில் குவித்து, சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது. அதில் கூப்பிட்டும் இருக்காதவன் பகையாளி. ஏற்கெனவே எனக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று ஊர் சொல்கிறது. இருந்தேன். முழங்கால் மடங்க மறுத்து, கடைசியில் பொத்தென்று விழுந்துதான் இருந்தேன். "லண்டன் போய் நெலத்துல இருக்க மறந்துட்டீங்களோ" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் நாலு வாய் தின்ன எனக்கு ஒரு வாய் போகவில்லை. நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, மாப்பிள்ளையின் வாப்பா நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அன்புதான். வேறென்ன? அந்த அன்பை நான் விழுங்கினேன், ஒவ்வொரு துண்டாக. எழும்பும்போது இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. பிறகு மதினி சொன்னபடியே தண்ணீரோடு குளிசையை அனுப்பினார். குடித்தேன். இனிக் குடித்தென்ன, குடிக்காவிட்டால் என்ன?

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ். எனக்குக் கதிரை போட்டார்கள். மௌலவி குத்பா ஓதி முடித்து, மைக்கை என் வாயருகே பிடித்தார். மாப்பிள்ளைப் பையன் கையை நீட்டினான். பிடித்தேன். அந்த வசனம் எனக்குத் தலைகீழாகப் பாடம். விமானத்தில்கூடச் சொல்லிச் சொல்லி வந்தது. வாயைத் திறந்தேன். தொண்டைக்குள் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. காற்றுதான் வந்தது. ஸ்பீக்கரில் அந்தக் காற்று உஸ்ஸென்று ஊருக்கெல்லாம் கேட்டது. "சத்தமாச் சொல்லுங்கோ" என்றார் மௌலவி. சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாகத்தான், "மனுசனுக்கு விருப்பமில்ல போல" என்றது. மாப்பிள்ளையின் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மௌலவி புத்திசாலி. என் பக்கம் குனிந்து, "எனக்கு வக்காலத்துத் தாறீங்களா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்ட வேண்டும். கழுத்தும் விறைத்து நின்றது. கடைசியில் கொஞ்சம் அசைந்தது, அல்ஹம்துலில்லாஹ். அவர் கணீரென்று அந்த வசனத்தைச் சொல்லி மணமுடித்துக் கொடுத்தார். அழுகை வந்தது, அதுவும் முகத்தில் தெரிந்திருக்காது.

வீட்டுக்குப் போனபோது பஸ்லினா பெண்கள் நடுவில் இருந்தாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "மௌலவிட கொரல்தான் கேட்டிச்சு சாச்சா" என்றாள். குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்கு நல்லது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பாலாவிக்கு அனுப்பி வைத்தோம். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம், குளிசை ஒருவழியாக இறங்கி வேலை செய்தது. பின்வளவில் ஆடொன்று பந்தல் ஓலையைத் தின்றுகொண்டு நின்றது. "போ சனியனே!" என்றேன். தெருமுனை வரை கேட்டது.

மதினி ஓடி வந்தார். "இப்ப வருது பாருங்க கொரல்! இத அந்த நேரம் காட்டியிருந்தா என்ன?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. வைதவரும் அழுதுகொண்டுதான் நின்றார், புருசன் இல்லாமல் மகளைக் கட்டிக்கொடுத்தவர். நான் ஆட்டைத் துரத்தப் போனேன்.

லெஸ்டருக்குத் திரும்பிய பிறகு, என் குரலுக்கென்று தாதி ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டாள். என்னைப் போல விறைத்த ஆட்கள் ஒரு அறையில் கூடி, அடிவயிற்றிலிருந்து கத்திப் பழக வேண்டும். நடத்துகிறவள் ஒரு சின்னப் பெண். "உங்களுக்குத் தேவையான ஒரு வசனத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள்" என்றாள். ஒரு கிழவர் தன் நாயைக் கூப்பிட்டார். ஒரு அம்மா டீ கேட்டார். என் முறை வந்தது. குளிசை நேரத்துக்குக் குடித்திருந்தேன், வயிறும் வெறுமை. "என் நானாவின் மகள் பஸ்லினாவை உமக்கு நான் மணமுடித்துத் தந்தேன்" என்றேன். கண்ணாடி யன்னல் அதிர்ந்தது. அப்படியே நானாவின் குரல். அந்தப் பெண், "பியூட்டிஃபுல்! இஸ் இட் எ சோங்?" என்று கேட்டாள். பாட்டுத்தான் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அது பிடித்துப்போய், நான் போகும்போதெல்லாம் அதையே சொல்லச் சொல்கிறாள். பாலாவியில் பஸ்லினாவுக்குப் பிள்ளையும் பிறந்துவிட்டது. நான் இன்னமும் வியாழனுக்கு வியாழன் லெஸ்டரில் அவளைக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கிழவரும் அந்த அம்மாவும் கைதட்டுகிறார்கள்.