தங்கையை வெளியே அனுப்பிய காய்ச்சல்

கடையில் அவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைப் பிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கல் சுற்றும், தண்ணீர் சொட்டும், அவள் விளிம்பை நகத்தால் தடவித் தடவிப் பார்ப்பாள். ஒரு லென்ஸ் சரியாக உட்காரவில்லை என்றால், எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். அளவெடுத்தவரா, பிரேம் எடுத்துக் கொடுத்தவரா, தேய்த்த தானா? தன் பிசகு என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்வாள். ஆனால் எந்தத் தப்புக்கும் ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும் என்பது அவளுக்குள் ஊறிப்போன எண்ணம்.

கணவர் லாரி ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் நாளைவிடச் சாலையில் இருக்கும் நாள்தான் அதிகம். ஒரே மகள், நாலு வயது. வாயும் ஓயாது, காலும் ஓயாது, அதனால் வாண்டு என்று பேர் நிலைத்துவிட்டது. வாண்டைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டவள் லென்ஸக்காவின் தங்கை. கல்யாணமாகி, வயிற்றில் உண்டானது இரண்டு முறையும் தங்காமல் போய், அதையே சாக்காக வைத்துப் புருஷன் ஒதுங்கிக்கொண்ட பிறகு, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். வந்த சில நாளிலேயே வாண்டு அவள் இடுப்பில் ஏறிக்கொண்டது. அப்புறம் இறங்கவே இல்லை. "எனக்குப் பொறந்தது உன்கூட ஒட்டிக்கிச்சு பாரு" என்று அக்கா சிரித்துக்கொண்டே வேலைக்குப் போவாள். அது நல்ல காலம்.

காய்ச்சல் முதலில் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை என்றால் காய்ச்சல் வரத்தானே செய்யும். உடம்பு அனலாகக் கொதித்தது, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியது, வாயில் புண். எந்த நோய்க்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பதால் தெருவே சொட்டு டாக்டர் என்று அழைக்கும் மனிதரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் சொட்டோடு ஒரு பாட்டில் மருந்தும் கொடுத்தார். நாலைந்து நாள் துவண்டு கிடந்த வாண்டு, ஒரு காலையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து பிஸ்கட் கேட்டது. காய்ச்சல் மருந்தால் போனதா தானாகப் போனதா என்பது தெரியாமலே மருந்துக்கு நல்ல பேர் கிடைத்தது.

அடுத்த மாதம் அதே மாதிரி வந்தது. அதற்கடுத்த மாதமும். ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் கோளாறு இல்லை. கோளாறு இல்லை என்று சொல்லச் சொல்ல லென்ஸக்காவுக்குப் பயம்தான் கூடியது. வேலையில் கை இருக்கும், மனசு வீட்டில் இருக்கும். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், வாண்டு தன் நெற்றி முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி வந்து நிற்கும். அம்மா வந்ததும் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள் என்று குழந்தைக்கே பழகிவிட்டது. மற்ற பிள்ளைகள் அம்மாவைக் கண்டதும் கையை நீட்டும். இது நெற்றியை நீட்டியது.

யாரால் வருகிறது இது? முதலில் தண்ணீர் மேல் பழி விழுந்தது, காய்ச்சி வடிகட்டினாள். அப்புறம் ஜன்னல், பூங்கா மணல், இருமிக்கொண்டே இருந்த எதிர்வீட்டுப் பிள்ளை. ஒவ்வொன்றாகக் கதவடைத்த பிறகு வீட்டுக்குள் மிச்சமிருந்தது தங்கைதான். தலையைத் துவட்டினாயா, கையைக் கழுவினாயா, எங்கே கூட்டிப்போனாய் என்று சாயங்காலம் தினமும் விசாரணை நடந்தது. தங்கை பதில் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து, கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினாள்.

ஒரு நாள் கடையிலிருந்து வந்தபோது வாண்டின் சட்டையில் சிவப்புக் கறை. குச்சி ஐஸ். "சித்தி வாங்கிக் குடுத்தா, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றது குழந்தை பெருமையாக. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து உடம்பு கொதித்தது.

அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த தங்கையின் பின்னால் போய் நின்றாள் லென்ஸக்கா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தாலாவது ஆத்திரத்தில் வந்தது என்று ஆறிப்போயிருக்கும்.

"உனக்குன்னு ஒண்ணு தங்கியிருந்தா, அதோட அருமை உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

தங்கை திரும்பவில்லை. கஞ்சி அடிப்பிடிக்காமல் இறக்கி வைத்தாள். ஆற்றினாள். வாண்டுக்கு ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கும்வரை இருந்தாள், வழக்கம்போல எல்லா வேலையும் செய்தாள். இறங்கிய அன்று காலையில், மருந்து அளக்கும் மூடி எந்த அலமாரியில் இருக்கிறது, பாலில் எவ்வளவு சர்க்கரை போட்டால் வாண்டு குடிக்கும் என்பதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வை வேலை கிடைத்திருக்கிறதாம். இரு என்ற ஒரு வார்த்தை லென்ஸக்காவின் நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இனிமேல் காய்ச்சல் வராது என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, அதுதான் வாயை அடைத்தது.

கணவர் போனில் கேட்டபோது, வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னாள். "நீ என்ன சொன்ன அவகிட்ட?" என்றார் அவர். அவள், மழையில் பார்த்து ஓட்டுங்கள் என்று பேச்சை மாற்றினாள்.

கடையில் நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டுத் தானே குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். வெளியே விடவில்லை, ஜில்லென்று எதுவும் கண்ணில் காட்டவில்லை, பொம்மையைக்கூட வெந்நீரில் கழுவினாள். அப்படி இருந்தும், சொல்லிவைத்தது போல, காய்ச்சல் வந்தது. அதே நெறி, அதே புண். ஈரத்துணியை நெற்றியில் போடும்போது வாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீ போட்டா கண்ணுல தண்ணி போகுது. சித்தி நல்லாப் பிழிஞ்சு போடுவா. சித்திய வரச் சொல்லு."

லென்ஸக்கா துணியை எடுத்துப் பிழிந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போகும்வரை பிழிந்துகொண்டே இருந்தாள்.

இந்த முறை சொட்டு டாக்டரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே குழந்தை மருத்துவர் அம்மா ஒருவர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். எப்போது வருகிறது, எப்படிப் போகிறது, நடுவில் பிள்ளை எப்படி இருக்கிறாள். மறுபடியும் சில பரிசோதனைகள் செய்து, இன்னும் இரண்டு முறை காய்ச்சல் வந்து போனதையும் பார்த்த பிறகு உட்காரவைத்துப் பேசினார். சில பிள்ளைகளுக்கு இப்படி முறைவைத்துக் காய்ச்சல் வருமாம். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். வளர வளரத் தானாக நின்றுவிடுமாம்.

"யார்கிட்டருந்து ஒட்டிக்கிச்சு டாக்டர்?"

"யார்கிட்டருந்தும் இல்லம்மா. இது ஒட்டுற காய்ச்சலே இல்ல. யாரும் எதுவும் செஞ்சதால வரல, செய்யாததால வரல. நீங்க உங்களைத் திட்டிக்காதீங்க."

அவள் தன்னைத் திட்டிக்கொள்கிறாள் என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். வெளியே வந்து, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு லென்ஸக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. அந்த நிம்மதி முழுசாக இறங்குவதற்குள், கஞ்சிப் பாத்திரத்துக்கு முன்னால் திரும்பாமல் நின்ற முதுகு கண்ணுக்குள் வந்தது.

மறுநாளே வாண்டையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். விடுதியின் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வருகை நேரம் எழுதிய பலகை. தங்கை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாண்டு பாய்ந்து போய் இடுப்பில் ஏறிக்கொண்டது. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நின்னுடும்னு சொன்னாங்கல்ல, அது போதும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"நான் சொன்னது ரொம்பத் தப்பு. மனசுல வச்சுக்காத. வீட்டுக்கு வா."

தங்கை குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ பொய் சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்க்கா. எனக்கு ஒண்ணும் தங்கலங்கிறது நிஜம்தானே. அதை நான் மறந்தே போயிருந்தேன். உன் வீட்ல, இவளை வச்சுக்கிட்டு, நிஜமாவே மறந்துட்டேன். இனிமே அங்க இருந்தா ஞாபகம் வந்துகிட்டே இருக்கும்."

கோபமே இல்லாமல் சொன்னாள். டீ வாங்கிக் கொடுத்தாள், பஸ் ஏற்றிவிட்டாள், ஜன்னலில் கையாட்டினாள். அழைத்துப் போக வந்தவளுக்கு வழியெல்லாம் வாண்டின் அழுகைதான் மிச்சம்.

காய்ச்சல் மெல்ல மெல்ல இடைவெளி விட்டு வந்தது. வாண்டு பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்தோடு அடியோடு நின்றது. எது கடைசிக் காய்ச்சல் என்று லென்ஸக்காவுக்குச் சொல்லத் தெரியாது. வந்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணியவள், வராமல் போனதைக் கவனிக்கவில்லை. தங்கை விடுமுறைக்கு வருவாள். வாண்டுக்குத் துணி எடுத்து வருவாள். விருந்தாளி போல ஓர் இரவு தங்குவாள், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லுவாள். சொந்தத் தங்கை அப்படிச் சொல்லும்போதெல்லாம் லென்ஸக்கா தன் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைவாள்.

போன முறை தங்கை கிளம்பிப் போன பிறகு, வாண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டது. "சித்திக்குத்தான் யாருமே இல்லையே. நம்ம வீட்லயே இருக்கலாம்ல? ஏன் ஒரு தடவகூட இருந்ததில்ல?"

"இருந்தாடி. ரெண்டு வருஷம் உன்னை இறக்கி விடாம தூக்கிக்கிட்டு இருந்தா. நான்தான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டேன்."

"எதுக்கு?"

"உனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்துச்சு. எனக்குப் பயம்."

"எனக்கா? காய்ச்சலா?" வாண்டு நம்பாமல் சிரித்தது. அதற்கு எதுவுமே நினைவில்லை, காய்ச்சலும் இல்லை, இடுப்பும் இல்லை. அளவுகோலை எடுத்துக் கோடு போடத் தொடங்கிவிட்டது. லென்ஸக்கா, தங்கை படுத்திருந்த பாயைச் சுருட்டி, சுவரோரம் சாய்த்து வைத்தாள்.