பக்க எண் இல்லாத மனு

முருகையன் அண்ணன் பேய்க் கதை படிப்பவர் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். கரப்பான் பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற மனிதர் அவர். நானே இரண்டு தடவை இறக்கி விட்டிருக்கிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே என் மருந்துக் கடை. அதன் வாசலில் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து, பதினெட்டு வருஷமாக அண்ணன் மனு எழுதிக் கொடுக்கிறார். கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் தலை நிமிர நேரம் இருக்காது. மற்ற நாட்களில் இரண்டு மனுவுக்கு நடுவே பத்துப் பக்கம் பேய்க் கதை. பொழுது சாய ஆரம்பித்ததும் புத்தகத்தை மூடி, மேசையை மடக்கி, பஸ் ஏறி விடுவார்.

"இருட்டுன அப்பால அதுங்க நேரம் தேவி. நம்ம ஏன் குறுக்க போவணும்" என்பார்.

பட்டப்பகலில், நூறு பேர் நடமாடும் இடத்தில் மட்டும் பேய்க் கதை படிக்கும் வீரர். இதைச் சொல்லிச் சொல்லியே அவரை வம்புக்கு இழுப்பது என் மத்தியானப் பொழுதுபோக்கு.

அவரைப் பார்த்து நானும் கெட்டுப் போனேன். மருந்து வாங்க வந்தவர்கள், மனு கொடுக்க வந்தவர்கள் என்று எங்களைப் போல இன்னும் சிலர் சேர்ந்தார்கள். 'பேய்ப் படிப்பாளிகள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். இப்போது முப்பத்தொரு பேர். யார் எதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், எதுவரை வந்திருக்கிறார்கள் என்று போடுவதுதான் வேலை. சும்மா போட்டுவிட முடியாது. அண்ணன் சட்டம் வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் படித்ததைத் தங்களுக்கே நடந்தது போல எழுதுவார்கள். "கிணத்துலேர்ந்து கை வந்து என் காலைப் புடிச்சிடுச்சு, பக்கம் 62." இப்படி. பக்க எண் கட்டாயம். அது இல்லாவிட்டால் அண்ணனிடமிருந்து ஒரே வரியில் பதில் வரும்: 'பக்க எண் இல்லை. மனு தள்ளுபடி.'

"துணிக்கடையில கூட ஆடிக்குத்தான் தள்ளுபடி. உங்களுக்கு வருஷம் முழுக்கவாண்ணா?" என்று கேட்டிருக்கிறேன்.

"அனுப்புநர் இல்லாத மனுவும் பக்க எண் இல்லாத பேயும் ஒன்னுதான். எங்கிருந்து வருதுன்னே தெரியாது" என்றார்.

இந்தச் சட்டத்தை அவரைவிடக் கறாராகக் கடைப்பிடித்த ஒரே ஆள் சரசு அக்கா. அடி அண்ணாமலையில் தனியாக இருந்து ஜாக்கெட் தைப்பவர். ஒரே மகன் வேலைக்காக ஓசூரில் இருக்கிறான். தெருவுக்கு விளக்கு கேட்டு மனு கொடுக்க வந்தபோது மேசை மேல் கிடந்த பேய்க் கதையைப் பார்த்து, மனுவை மறந்துவிட்டு அதைப் புரட்ட ஆரம்பித்தவர்.

"பேய்க்குப் பயந்து விளக்கு கேக்கறீங்களாம்மா?" என்று அண்ணன் கேட்டாராம்.

"பேய் வந்தா பேசிக்கலாம். பாம்பு வந்தா இன்னா பண்றது?" என்றாராம் அக்கா.

அன்றிலிருந்து அக்கா அவரை 'மனுக்காரரே' என்றுதான் கூப்பிடுவார். அந்த விளக்குக்காக மட்டும் இதுவரை நான்கு மனு எழுதியாயிற்று. விளக்கு வரவில்லை. புத்தகங்கள் மட்டும் இங்கும் அங்கும் போய் வந்தன. அக்கா குழுவில் போட்டால் பக்கம் மட்டும் இருக்காது, 'பக்கம் 88, மேலேர்ந்து மூணாவது வரி' என்று வரியும் இருக்கும். அண்ணன் அதைக் காட்டி எங்களைத் திட்டுவார்.

போன ஆவணிப் பௌர்ணமி அன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கிரிவலத்துக்காக வெளியூர் பஸ்கள் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. என் கடையில் கால் வலித் தைலம் வாங்க அப்போதே கூட்டம். அந்த நேரம் குழுவில் சரசு அக்கா போட்டிருந்தார்:

'ஒரு பக்கம் கை கால் வரல. வாய் கோணிகினு போவுது. கீழ கெடக்கறேன்'

உடனே பதில்கள் குவிந்தன. ஒருவர் பயந்த முகம் போட்டார். ஒருவர் 'செம அக்கா' என்றார். நான் என்ன போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து ஆவதென்ன. 'எந்த புக்கு, முடிச்சிட்டு எனக்குத் தாங்க' என்று போட்டேன். மருந்துக் கடை நடத்துகிறவள் நான். வாய் கோணுகிறது, ஒரு பக்கம் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் குழுவில் தினமும் யாராவது செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அண்ணனும் பார்த்தார். கை தன் பழக்கத்தில் எழுதியது: 'பக்க எண் இல்லை. மனு தள்ளுபடி.'

அனுப்பிவிட்டுப் பட்டா மாறுதல் மனுவைத் தொடர்ந்தார். 'பெறுநர்' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எதிரே நின்ற பெரியவர் "இன்னா சார் நின்னுட்ச்சி?" என்று கேட்டதும்தான் நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தேவி, சரசும்மா என்னிக்குனா பக்கம் போடாம எழுதிக்கீறாங்களா?"

"மறந்திருப்பாங்கண்ணா."

"அவுங்க மறக்க மாட்டாங்க." பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். 'சாம்பல் படிக்கட்டு'. "முன்ன குடுத்தத நேத்தே முடிச்சிட்டாங்க. அடுத்து படிக்க வேண்டியது இதுதான். இது எங்கிட்ட இருக்குது. அப்ப அவுங்க கையில எந்த புக்கும் இல்லம்மா."

கையிலிருந்த தைலப் பாட்டிலை அப்படியே வைத்தேன்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அண்ணன் 108-க்குப் போட்டார். விலாசம் கேட்டார்கள். நான் எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஆனால் வேப்பமரத்தை ஒட்டித் திரும்ப வேண்டும் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

"அனுப்புநர், ச. சரசு, வயது ஐம்பத்தி மூணு, கதவு எண் 4/117, பள்ளிக்கூடத்துப் பின் தெரு, அடி அண்ணாமலை. தெருவோட மூணாவது கம்பம், விளக்கு இல்லாத கம்பம், அதுக்கு நேரா வீடு. இன்னிக்கு கிரிவலப் பாதையில கூட்டம் ஜாஸ்தி, வயக்காட்டு வழியா வாங்க."

நான்கு தடவை எழுதிய விலாசம். அரசாங்கத்துக்குப் பிடிபடாத அந்தக் கம்பம் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு உடனே பிடிபட்டது.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு என் ஸ்கூட்டியில் கிளம்பினோம். அண்ணன் பின்னால் உட்கார்ந்து என் தோள்பையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். வயக்காட்டு வழியைப் பிடிக்கவே கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் போயாக வேண்டும், அங்கே வண்டி விடவில்லை. தடுப்புக் கட்டையில் நின்ற போலீஸ்காரரிடம் நான் சத்தம் போட வாயைத் திறப்பதற்குள் அண்ணன் இறங்கிக் கை கூப்பிவிட்டார்.

"ஐயா, தனியா இருக்கற ஒரு அம்மா வாதம் வந்து கீழ கெடக்கறாங்க. ஆம்புலன்ஸ் வருது. நாங்க அவுங்களுக்கு வேண்டியவங்க. தயவுசெஞ்சு அனுமதிக்கும்படி கேட்டுக்கறேன்."

அந்த அவசரத்திலும் மனு எழுதுவது போலவே பேசினார். போலீஸ்காரர் கட்டையை நகர்த்தினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஆம்புலன்ஸைப் பார்த்து ஓடிவந்த அக்கம்பக்கத்தார் பின்கதவை உடைத்திருந்தார்கள். அக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண் திறந்திருந்தது. இடது கையில் போன் அப்படியே இருந்தது, எடுக்க முயன்றாலும் விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். நான் அழுதேன். அண்ணன் அழவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் போட்ட அந்தத் தள்ளுபடியை அழிக்கப் பார்த்திருக்கிறார். அதற்குள் அக்கா பெயருக்கு நேரே, படித்துவிட்டார் என்ற நீல அடையாளம் விழுந்துவிட்டது. அழித்து என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டார்.

அதன்பின் பத்து நாள் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. குழுவில் இரண்டு பேர் பக்க எண் இல்லாமல் போட்டார்கள். தள்ளுபடி வரவில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலையாக இருந்தது.

பதினோராம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவுக்குப் பேச்சு குழறலாகத் திரும்பியிருந்தது. ஓசூரிலிருந்து வந்திருந்த மகன் டீ வாங்க வெளியே போனான். அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று, மனு கொடுக்க வந்தவரைப் போலக் கைகளைச் சேர்த்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டம்மா. நீங்க அந்த நெலமையில கெடக்க, நான் தள்ளுபடின்னு போட்டுட்டேன்."

"பாத்தேன்" என்றார் அக்கா. பாதி வாய் சிரித்தது. "சிரிப்பு வந்துச்சு மனுக்காரரே. பக்கம் போடணும்னு தெரியும். நம்பர் போட கை கூட போச்சு." ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி வந்தது. "கடைசிப் பக்கமோன்னு பயமா இருந்துச்சு. அதான் போடல."

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிய வெகு நேரம் ஆனது. பிறகு பையிலிருந்து 'சாம்பல் படிக்கட்டு' புத்தகத்தை எடுத்தார். பத்து நாளும் அதைச் சுமந்துகொண்டுதான் வந்து போயிருக்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பக்கம் ஒன்னு. மேலேர்ந்து மொத வரி."

அக்கா கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தார். முதல் அத்தியாயத்திலேயே ஒரு பூட்டிய வீடு, அதற்குள்ளிருந்து யாரோ படியிறங்கும் சத்தம். அண்ணனுக்குக் குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய் நன்றாக இருட்டிவிட்டிருந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் தலை நிமிராமல் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.